டயோரமாவில் உயரப் புல்லும் களையும்: கோளாறைப் பார்த்து வைத்தியம்

வண்டியும் கட்டடமும் எவ்வளவு நுணுக்கமாக வந்திருந்தாலும், பக்கத்தில் நிற்கிற புல் பொய்யாக இருந்தால் மொத்தமும் பொம்மையாகிவிடும். இந்தக் குறிப்பு திருநெல்வேலிச் சீமையை டயோரமாவாக, அதாவது சிறிய அளவு மாதிரிக் காட்சியாகச் செய்கிறவர்களுக்கு. செங்கோட்டைக்குப் போன பழைய மீட்டர் கேஜ் பாதை, கயத்தாறு காற்றாலைப் பொட்டல், தாமிரபரணிக் கரை, திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடு என்று எதை எடுத்திருந்தாலும் சரி. கடையில் கிடைக்கும் புல் பொட்டலங்களின் நிறமும் அடர்த்தியும் பெரும்பாலும் ஐரோப்பிய மேய்ச்சல் நிலத்தை மனத்தில் வைத்து வந்தவை. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. மீதிப் பாதிக்குக் காரணம் பசையும் மின்சாரமும்.

வேலையில் இறங்குமுன் ஒரு கணக்கு. முழங்கால் உயரப் புல்லை 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:35 அளவில் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) அது 14 மி.மீ., 1:72-இல் 7 மி.மீ., 1:87-இல் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 1:160-இல் 3 மி.மீ. ஆற்றங்கரை நாணல் இரண்டரை மீட்டர் என்றால் 1:35-இல் 7 செ.மீ.க்கு மேல் வரும். 1:87-இல் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கம்மி. பக்கத்தில் ஒரு மனிதப் பொம்மையை நிறுத்திப் பார்த்தால் கணக்கு சரியா என்று உடனே தெரிந்துவிடும். தடிமனையும் பாருங்கள். 0.2 மி.மீ. இழை 1:35-இல் 7 மி.மீ. அகலப் புல் தாளாகத் தெரியும், நம்பலாம். அதே இழை 1:87-இல் 17 மி.மீ. அகலம். அது புல்லாக நிற்காது, சோளத்தட்டையாகத்தான் நிற்கும்.

புல் நிற்காமல் படுத்துக் கிடக்கிறது

ஸ்டேட்டிக் கிராஸ் என்று விற்கும் நைலான் இழையைத் தூவும் கருவியில் அதிக மின்னழுத்தம் இருக்கிறது. சல்லடை ஒரு முனை, பசைக்குள் போகும் கம்பி மறுமுனை. நடுவில் உண்டாகும் மின்புலத்தின் கோட்டோடு இழை நிமிர்ந்து, சல்லடையிலிருந்து பாய்ந்து பசையில் குத்தி நிற்கிறது. ஒரே மின்னூட்டம் ஏறிய இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் தனித்தனியாக நிற்கின்றன. இதில் எது அறுந்தாலும் புல் படுத்துவிடும்.

முதலில் தரைக்கம்பியை, அதாவது பசைக்குள் போகும் அந்தக் கம்பியைப் பாருங்கள். அடித்தளம் தெர்மாகோல் என்றால் அது மின்சாரம் கடத்தாது. கிளிப்பைப் பலகை ஓரத்தில் மாட்டிப் பயனில்லை. ஈரப் பசைக்குள்ளேயே ஓர் ஆணியைக் குத்தி அதில் கிளிப்பை மாட்ட வேண்டும். தூவும் இடம் ஆணியைவிட்டு நகர நகர ஆணியும் கூடவே நகர வேண்டும். பசைத் திட்டுகள் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குத்த வேண்டும். படுத்த புல்லைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஆணி எங்கே என்றுதான்.

அடுத்தது இடைவெளி. மின்புலத்தின் வலு, மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்தது. சல்லடையைப் பாதித் தூரத்துக்கு இறக்கினால் வலு இரட்டிப்பாகும். பசைக்கு மேல் இரண்டு, மூன்று செ.மீ. உயரம் சரி. அதற்கும் கீழே போனால் பொறி தட்டும்.

கொசு பேட்டைப் பிரித்து டீ வடிகட்டியில் கம்பி இணைத்துச் செய்த கருவி என்றால் அதன் எல்லையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ., 4 மி.மீ. இழையை அது நிறுத்தும். 6 மி.மீ.க்குத் திணறும். 12 மி.மீ. இழை அதில் விழுந்து கிடக்கத்தான் செய்யும். அதற்கு எதிர்மின் அயனி உருவாக்கி வைத்த கருவி வேண்டும். பேட் கருவியை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் படுக்கிறதா? பசையைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே ஃபெவிகால் பூசினால் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டிவிடும். அதற்கப்புறம் இழை உள்ளே இறங்காது. விசிறியை நிறுத்துங்கள். உள்ளங்கை அளவு மட்டும் பூசி, தூவி முடித்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். பசையில் ஓரிரு சொட்டு கிளிசரின் விட்டால் காய்வது தாமதமாகும். நிறைய விட்டால் காயவே காயாது. தண்ணீர் அதிகமாகக் கலந்த பசையும் ஆகாது. குட்டை இழையைத் தாங்கும், நெட்டை இழையைச் சாய்த்துவிடும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் வேறு கூத்து. பொட்டலத்துக்குள்ளேயே ஈரம் ஏறி இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். தாளில் பரப்பி மேசை விளக்குக்குக் கீழே உலர்த்தி, ஒருமுறை சலித்துவிட்டுத் தூவுங்கள்.

ஏற்கெனவே படுத்துக் காய்ந்துபோனதை எழுப்ப முடியாது. அதைப் பழைய பட்ட புல் என்று வைத்துக்கொண்டு மேலே புதிதாக ஓர் அடுக்கு தூவுங்கள். வெளியே நிலத்திலும் போன வருஷத்துப் புல் அப்படித்தான் கீழே கிடக்கிறது.

நிற்கிறது, ஆனால் கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது

கருவி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு வரும் நோய் இது. ஒரே நீளம், ஒரே நிறம், சந்தே இல்லை. பாளையங்கோட்டையைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் மண் தெரியாத புல்வெளி கண்ணில் படாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற நிலம் இது. மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். புல் தூர் தூராக நிற்கும், தூருக்கும் தூருக்கும் நடுவே மண் தெரியும், ஆடு மாடு மேய்ந்த இடம் மொட்டையாக இருக்கும். அருகம்புல் தரையோடு படரும். கொழுக்கட்டைப் புல் ஒரு தூராக எழும்பி மேலே பிரஷ் மாதிரிக் கதிரை நீட்டும்.

ஆகவே பசையைப் பட்டையாகப் பூசாதீர்கள். பழைய பல்துலக்கியால் புள்ளி புள்ளியாகத் தெளித்து, சில புள்ளிகளைக் குச்சியால் இழுத்துப் பெரிதாக்குங்கள். 2 மி.மீ., 4 மி.மீ., 6 மி.மீ. மூன்றையும் கலந்து முதல் தூவல் போடுங்கள். அது முழுக்கக் காய்ந்த பிறகு, சில தூர்களின் நுனியில் மட்டும் நீர் கலந்த பசையைத் தெளித்து மறுபடி தூவினால், புதிய இழை பழையதின் தலைமேல் ஏறி நிற்கும். பெரிய கருவி இல்லாமலே உயரம் கிடைக்க இதுதான் வழி. நுனியும் மெலிந்து இயல்பாகத் தெரியும். இந்த இடத்தில் பலர் ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அதில் ஆல்கஹாலும் எரிவாயுவும் இருக்கின்றன. கையில் இருப்பதோ பொறி தட்டும் கருவி. நீர்ப்பசையே போதும்.

அதிகமாகிவிட்டதைக் குறைக்கவும் தயங்க வேண்டாம். காய்ந்த பின் முள்வாங்கியால் பிடுங்கி வழி உண்டாக்குங்கள். ஆட்டுத்தடம் போன இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்து ஒரு கோடாக மண்ணைத் தெரிய விடுங்கள், நேர்க்கோடாக வேண்டாம்.

நிறம் ஒட்டவில்லை, வேற்றூர்ப் புல்லாகத் தெரிகிறது

இதைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் உங்கள் காட்சி எந்த மாதம் என்று முடிவு செய்ய வேண்டும். மாதத்தை முடிவு செய்யாமல் பச்சையும் வைக்கோல் நிறமும் பாதிப் பாதி கலந்து தூவுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அது எந்த மாதத்துப் புல்லும் இல்லை.

மாசி பங்குனியில் சமவெளிப் புல் முழுக்க வெளிறிய வைக்கோல் நிறம். அடித்தூர் சாம்பல் பூத்திருக்கும். பச்சை என்று நிற்பது எருக்கு, ஆவாரை, சீமைக்கருவேல், உடைமரம் இவைதான். சித்திரையில் வைக்கோலும் ஒடிந்து குட்டையாகிவிடும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து சில நாளில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே பழைய காய்ந்த தாள்கள் அப்படியே நிற்க, அடியிலிருந்து இளம்பச்சை கிளம்பும். அதை மாதிரியில் கொண்டுவர 2 மி.மீ. இளம்பச்சையைக் கீழே தூவி, 6 மி.மீ. வைக்கோல் நிறத்தை மேலே அரிதாகத் தூவ வேண்டும். பொட்டலக்காரர்கள் சொல்லும் வரிசைக்கு இது நேர் எதிர். மார்கழியில் முழுப்பச்சை, நுனியில் கதிர்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கணக்கே வேறு. ஆனி ஆடியில் கணவாய் வழியே சாரல் வருவதால், கிழக்கே பொட்டல் காய்ந்து கிடக்கும்போதே அங்கே பச்சை பிடித்திருக்கும். வயல் காட்சி செய்கிறவர்கள் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிசான நெல் விளைந்து நிற்கிற வயலின் வரப்பில் காய்ந்த புல்லை வைத்தால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

நைலானின் மினுமினுப்பும் இந்தக் கோளாற்றில் சேர்ந்ததுதான். ஏர்பிரஷ் இருந்தால் மண் நிறத்தை நிறைய நீர்விட்டு அடித்தூரில் மட்டும் அடியுங்கள்; மேலே மேட் வார்னிஷ். ஏர்பிரஷ் இல்லையென்றால் அக்ரிலிக் வண்ணத்தைப் பிரஷில் தொட்டு, துணியில் துடைத்து, காய்ந்த பிரஷால் நுனியைத் தடவினாலே பளபளப்பு போய்விடும். புல்லை ஒட்டிய பிறகு மேலே சும்மா ஃபெவிகால் நீர் தெளித்தால் பளபளப்பு கூடத்தான் செய்யும்.

மண்ணும் புல்லும் பொருந்த வேண்டும். தேரிச் செம்மண் பசை பட்டதும் இன்னும் கருஞ்சிவப்பாகும். அதன்மேல் பச்சைப் புல் கண்ணைக் குத்தும். வைக்கோல் நிறம் அரிதாக நின்றால் போதும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் என்றால் எதிர்மாறு. கறுப்பு மண்ணில் வெளிறிய புல் பளிச்சென்று தெரியும். அதனால் நிறத்தை ஒரு படி இறக்குங்கள்.

1:35 அளவுக்கு நைலான் எட்டவில்லை. நார் போட்டால் பஞ்சாகப் பிரிகிறது

12 மி.மீ.க்கு மேல் நைலானை நம்ப வேண்டாம். இங்கேதான் நம் ஊர் சரக்கு கைகொடுக்கும். ஆனால் எந்த நார் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

தேங்காய் நார் சுருளும், முறுகும். புல்லுக்கு ஆகாது, காய்ந்த களைத்தண்டுக்கு நல்லது. சணல் மெலிது, ஆனால் பொசுபொசுவென்று மயிர் விடும். நேரான நீளப் புல்லுக்குக் கற்றாழை நார்தான் என் தேர்வு. கயிற்றுக் கடையில் அண்ணாச்சியிடம் முறுக்காத நாராகவே கேளுங்கள். கயிறாக வாங்கினால் முறுக்கின் வளைவு போகாது. பனந்தும்பு தடிமனும் விறைப்பும் உள்ளது. 1:35-இல் ஆமணக்குத் தண்டு, துத்தித் தண்டுக்கு அதற்கு நிகர் இல்லை.

நாணலுக்கும் கோரைக்கும் கோரையையே எடுத்துக்கொள்ளலாம். பத்தமடைப் பாய்க்குக் கோரையை ஊறவைத்துக் கீறி மெல்லிய இழையாக்குகிறார்கள். அதே முறையில் ஒரு துண்டு காய்ந்த கோரையை ஊறவைத்து பிளேடால் கீறினால் தட்டையான, நேரான, காய்ந்த தாள் நிறத்திலேயே இழை கிடைக்கும். உலர்ந்தபின் வளைத்தால் ஒடியும். ஈரமாக இருக்கும்போதே வளைத்து வைத்துவிட வேண்டும்.

பஞ்சாகப் பிரிகிற நாரை வெந்நீரில் நனைத்து, பேன் சீப்பால் ஒரே திசையில் சீவி, ஒரு முனையைக் கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையில் கல்லைக் கட்டிக் காயவிடுங்கள். நேராகிவிடும். பிறகும் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை நீர் கலந்த பசையில் விரலால் உருவி அடக்குங்கள். தீபம் காட்டிப் பொசுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சணல் அதற்குள் எரிந்து முடிந்திருக்கும்.

தூராக நடும்போது சிறு கொத்தை அடியில் பசை தொட்டு, பிளாஸ்டிக் தாளில் நிறுத்தி, காயுமுன் விரலால் நுனியை விரித்துவிடுங்கள். காய்ந்ததும் அடியை வெட்டி, தரையில் 2 மி.மீ. துளையிட்டு நடுங்கள். நட்ட இடத்தில் பசைக் குமிழ் தெரிந்தால் அதன்மேல் உடனே மண்தூளைத் தூவுங்கள். நுனியைக் கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டவே கூடாது. வெட்டிவிட்டிருந்தால் ஒவ்வொரு தாளாக வேறு வேறு உயரத்தில் சாய்த்து வெட்டுங்கள், பொறுமை வேண்டும்.

களை எல்லாம் ஒரே பச்சைக் குமிழாக இருக்கிறது

பஞ்சைக் கிழித்துப் பச்சைத் தூளில் புரட்டி நட்டால் அப்படித்தான் இருக்கும். களை என்றால் ஒரு செடி என்று நினைக்காதீர்கள். மூன்று, நான்கு செடிகளை மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரிச் செய்தாலே காட்சி ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எருக்கு: 15 செ.மீ. இலை 1:35-இல் 4 மி.மீ.க்குச் சற்று மேல். மெல்லிய தாளை நீள்வட்டமாக வெட்டி, நடுவில் நகத்தால் மடிப்பு விட்டு, தண்டில் எதிரெதிராக ஒட்டுங்கள். அடுத்த ஜோடி முந்தையதற்குக் குறுக்கே வர வேண்டும். நிறம் பச்சை இல்லை. சாம்பல் கலந்த பச்சை, மேலே சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெளிறல். பூவுக்கு வெளிர் ஊதாப் புள்ளி.

நாயுருவி: ஒற்றை நாரின் மேல்பாதியைப் பசையில் தோய்த்து நுண்ணிய மரத்தூளில் உருட்டினால் கதிர் வந்துவிடும். இலை கீழ்ப்பாதியில் மட்டும். தும்பைக்குத் தண்டில் இடைவெளி விட்டு விட்டு உருண்டை வைத்து வெள்ளைப் புள்ளி. ஆவாரைக்கு மஞ்சள் நிறப் பொடியைத் தாராளமாகப் போடலாம். அது பூத்தால் செடியே மஞ்சளாகத்தான் நிற்கும். நெருஞ்சி தரையோடு கிடக்கிறது, அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். நாணல் பூவுக்கு இலவம்பஞ்சு. இழுத்து மெலிதாக்கிச் சுற்றி, எல்லாக் கதிரையும் ஒரே பக்கம் சாயுங்கள். ஆற்றங்கரை என்றால் வெள்ளம் போன திசைக்கு, பொட்டல் என்றால் காற்றடிக்கும் திசைக்கு. ஆடி மாதப் பொட்டலில் மேற்கிலிருந்துதான் காற்று.

எங்கே நடுவது என்பதும் இதில் அடக்கம். மாடு வாய் வைக்காத செடி உயர்ந்து நிற்கும், வாய் வைக்கும் புல் குட்டையாக இருக்கும். ஆகவே எருக்கையும் ஆவாரையையும் கொழிஞ்சியையும் மேய்ச்சல் தரையின் நடுவிலும் நிறுத்தலாம்; உயரப் புல்லை வேலியோரம், முள்ளுக்குள்ளே, பாலத்தின் அடியில், வாய்க்கால் ஓரத்தில் வையுங்கள். ரயில் பாதையில் சரளைக் கல்லுக்கு நடுவே ஒன்றிரண்டு போதும். சரளை முடிகிற ஓரத்தில்தான் கூட்டம். சுவரோரக் களை சுவரை ஒட்டியே நிற்கும், விரற்கடை தள்ளி நிற்காது.

ஒட்டினது உதிர்கிறது

தூசியின் மேல் பசை பூசியிருப்பீர்கள். தேரி மணல் மாதிரி நுண்மணலில் பசை மேலாக மட்டும் பிடித்து, மணலோடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். புல் வைக்குமுன் தரையைப் பாதிக்குப் பாதி நீர் கலந்த பசையால் நனையுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் மணலுக்குள் இறங்கும். முழுக்கக் காய்ந்த பின் புல் வேலை.

எறும்பு வருகிறது, வெள்ளைப் படலம் படர்கிறது

எறும்பு வந்தால் எங்கேயோ சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது. பூவுக்கும் கதிருக்கும் ரவை, மஞ்சள்தூள், மல்லித்தூள் என்று அடுக்களையில் எடுத்ததுதான். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் புத்தகம் கட்டுகிறவர்களிடம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற டயோரமாவுக்கு வேண்டாம். தின்னும் பொருளை எடுத்துவிட்டு மரத்தூள், சாக்பீஸ் தூள், நுணுக்கின ஸ்பாஞ்சு போடுங்கள். மேலே சொன்ன ஆவாரை மஞ்சள் பொடியும் சாக்பீஸ்தான்.

வெள்ளைப் படலம் இரண்டு வகை. நூல் நூலாக, மயிர் மாதிரி இருந்தால் பூஞ்சை. வேரும் இலையுமாக இருந்த மண்ணை அப்படியே போட்டிருப்பீர்கள், அல்லது ஈரமாக மூடி வைத்திருப்பீர்கள். மண்ணைச் சலித்து, பழைய இரும்புச் சட்டியில் வறுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வந்துவிட்டதை உலர்ந்த பிரஷால் எடுத்து வெயில் காட்டுங்கள். சீராக, பனி மூடின மாதிரி இருந்தால் அது பூஞ்சை இல்லை. ஈரக்காற்றில் அடித்த மேட் வார்னிஷ் வெளுத்துப்போயிருக்கிறது. மழை விட்ட, வெயில் ஏறின முற்பகலில் மெலிதாக மறுபடி ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இயற்கையான செடியை வைத்தேன், சில மாதத்தில் நிறம் போய்விட்டது

போகத்தான் செய்யும். காய்ந்த பூளைப்பூ, புல் கதிர் எல்லாம் வடிவத்துக்காக எடுக்க வேண்டியவை, நிறத்துக்காக அல்ல. பச்சையாகப் பறித்த தண்டை ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீரில் சில நாள் நிறுத்தினால் நொறுங்காமல் வளையும், நிறம் பழுப்பாகிவிடும். அதன்மேல் அக்ரிலிக் பூசுங்கள். துணிச்சாயம் சன்னலோர வெயிலில் வெளுக்கும்.

நேரில் நன்றாக இருக்கிறது, போட்டோவில் மட்டும் போலி

மேலிருந்து எடுத்திருப்பீர்கள். கேமராவை மனிதப் பொம்மையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். அப்படி இறக்கினதும் நேரில் தெரியாத ஒன்று தெரியும்: வானத்தை எதிர்த்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை நைலான் இழை, தாளில் ஒட்டின தூசி, பசை நூல். வெளிச்சத்தைப் பின்னாலிருந்து விட்டு, நுனிக் கத்தரியால் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டினதை ஊதாமல் காய்ந்த பிரஷால் எடுங்கள். ஊதினால் பின்னால் இருக்கிற எருக்கு இலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.